போயா நாளின் வெள்ளைத் தண்ணீர்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் அந்தக் காலத்தில் எது கெட்டுப்போனாலும் குற்றவாளி ஒருவர்தான். நடுவில் எழும்பிக்கொண்டிருந்த தொடர்மாடி. தும்மல் வந்தால் அதன் தூசி, நித்திரை வராவிட்டால் அதன் சத்தம், வைஃபை விழுந்தால் அதன் கிரேன். எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் எதையும் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். பிறவிக்குணம். ஆனால் வடிகானில் ஓடிய வெள்ளைத் தண்ணீர் விஷயத்தில் நானும் ஒழுங்கையோடு சேர்ந்துதான் நின்றேன். அந்தத் தண்ணீர் கடைசியில் வந்து தேங்குவது எங்கள் முற்றத்தில்.

ஒழுங்கை காலி வீதியில் தொடங்கிக் கடல் பக்கம் சரிந்து இறங்கும். கீழே மரைன் டிரைவ், அதற்கப்பால் ரயில் பாதை, பிறகு கடல். எங்கள் வீடு கீழ் முனையில் இருந்தது. றோட்டுக்குத் தாருக்கு மேல் தாராகப் போட்டு அது உயர்ந்துவிட, வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. மழையும் பெய்து கடலும் உயர்ந்திருந்தால், வடிகான் போக வழியில்லாமல் திரும்பி எங்கள் கேற்றுக்குக் கீழால் உள்ளே வரும். வாடகை வீடு. சொந்தக்காரர் டொரொன்டோவில் இருந்தார். அங்கே பனி கொட்டுவதைப் பற்றி அம்மாவிடம் விரிவாகக் கதைப்பார், முற்றத்தை உயர்த்தித் தரச் சொன்னால் லைன் கிளியர் இல்லை என்பார்.

அம்மா இடியப்பம் அவிப்பவர். அப்பா இறந்த பிறகு சின்னதாகத் தொடங்கிய வேலை. நான் உயர்தரம் படிக்கும்போது காலி வீதிக் கடைகளுக்கும் சுற்றியிருந்த தொடர்மாடிகளுக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான் காலைச் சாப்பாடு போனது. அரிசி ஊறப்போட்டுக் கழுவுவது, மில்லுக்கு அனுப்புவது, மா வறுப்பது, பிழிவது, அவிப்பது எல்லாம் பின்பக்கத்துக் குசினியில். எங்கள் சாப்பாடும் வாடகையும் என் படிப்பும் அந்தக் குசினியை நம்பித்தான் இருந்தன. வேறு வருமானம் கிடையாது.

ஒருநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பி.எச்.ஐ. மாத்தயா என்று சொன்னால்தான் எங்கள் பக்கத்தில் எவருக்கும் விளங்கும். குசினியைச் சுற்றிப் பார்த்தார், மூடிகளைத் திறந்து பார்த்தார், பிழை பிடிக்க எதுவும் கிடைக்கவில்லை. வெளியே வந்தவர் முற்றத்தில் நின்ற சாம்பல் வெள்ளைத் தண்ணீருக்குள் காலை வைத்துவிட்டார். சப்பாத்தை உதறிக்கொண்டு சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார். சாப்பாடு செய்கிற இடத்தில் இப்படித் தண்ணீர் நிற்கக் கூடாது. அடுத்த முறை வரும்போதும் இப்படி நின்றால் குசினியைப் பூட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

“ஏக்க அபே நெமெய், மாத்தயா. அர பில்டிங் எக்கே,” என்றார் அம்மா. அது எங்களுடையது இல்லை, அந்தக் கட்டடத்தினுடையது என்று.

அவர் வடிகானைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். யாருடைய தண்ணீர் என்று தண்ணீரில் எழுதியிருக்கவில்லையே என்றார். அவர் பகிடியாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கெட்ட மனிதர் இல்லை. அம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அந்தக் கிழமையில்தான் பாடசாலைச் சுற்றாடல் கழகத்தில் செயற்திட்டத்துக்குத் தலைப்புக் கேட்டார்கள். எல்லோரும் கடற்கரையில் பிளாஸ்ரிக் போத்தல் பொறுக்குவதாகச் சொன்னார்கள். வருடா வருடம் அதே போத்தல், அதே படம். நான் எழும்பி, கட்டட வேலைத்தளத்திலிருந்து வழியும் நீரைக் கண்காணிக்கப் போகிறேன் என்றேன். நோக்கம் என்ற தலைப்பின் கீழ் விஞ்ஞான ஆர்வம் என்று எழுதினேன். எனக்குத் தேவைப்பட்டது பி.எச்.ஐ. மாத்தயாவுக்குக் காட்ட ஒரு சாட்சி. அம்மாவின் குசினி பூட்டப்படக் கூடாது, அவ்வளவுதான்.

என்னோடு சேர்ந்தவள் தெஹிவளையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு முஸ்லிம் பிள்ளை. என் நெருங்கிய சிநேகிதி. பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் தன் விடையில் எங்கே பிழை என்று தானே எல்லோருக்கும் விளங்கப்படுத்துகிற ரகம். அப்படிப்பட்டவளைக் கூட்டுச் சேர்த்தால் என்ன நடக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் கருவி ஒரு நீளமான கண்ணாடிப் பிளாஸ்ரிக் குழாய். அடியில் கறுப்பும் வெள்ளையுமாகப் பூசிய ஒரு வட்டம். மேலிருந்து குனிந்து பார்த்தபடி தண்ணீரை ஊற்ற வேண்டும். வட்டம் எந்த உயரத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் வாசிப்பு. தெளிந்த தண்ணீர் என்றால் குழாய் நிரம்பினாலும் வட்டம் தெரியும், எண் பெரிதாக வரும். கலங்கல் என்றால் கொஞ்சம் ஊற்றியதுமே மறைந்துவிடும். வடிகானில் மூன்று இடங்களைத் தெரிவு செய்தோம். காலி வீதிப் பக்கம், கட்டடத்துக்கு மேலே ஓரிடம். கட்டடத்தின் கேற்றைத் தாண்டியவுடன் ஓரிடம். மூன்றாவது எங்கள் வீட்டு வாசல்.

கட்டடத்து இஞ்சினியரிடம் அனுமதி கேட்கத் தகர வேலிக்குள் போனோம். மட்டக்களப்புப் பக்கத்து இளம் மனிதர். நித்திரை கண்டு பல நாளான கண்கள். தலைக்கவசம் தந்து, நிலத்துக்குக் கீழே வாகனத் தரிப்பிடம் கட்டத் தோண்டிய பள்ளத்தைக் காட்டினார். அதற்குள் ஊறும் தண்ணீரை மோட்டர் இறைத்து வடிகானுக்குள் விட்டுக்கொண்டிருந்தது.

“நிலத்துத் தண்ணிதான் தங்கச்சிமார். பச்சத் தண்ணி. நீங்க அளந்து பாருங்க, எனக்கும் ஒரு கொப்பி தாங்க,” என்றார். அவருக்குப் பின்னால் கொங்கிறீட் லொறியின் வயிற்றை ஒருவர் ஹோஸ் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரும் அதே வடிகானுக்குள்தான் போனது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவரும் நாங்கள் பார்த்ததைப் பார்த்தார்.

பாடசாலை விட்டதும் சீருடையோடு வடிகான் ஓரம் குந்தியிருந்து தண்ணீர் அள்ளும் இரண்டு பெண் பிள்ளைகளை ஒழுங்கை சும்மா விடவில்லை. என்ன பிள்ளையள், மீன் பிடிக்கிறியளோ என்று பல்கனிகளில் இருந்து கேட்டார்கள். நாளடைவில் பழகிவிட்டார்கள். வாசிப்புகளை ஒரு அட்டவணையாக்கிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டினேன். அம்மா அதைக் கண்ணாடி போட்டு ஆராய்ந்தார்.

“பாத்தியே, எங்கட வாசலிலதான் ஆகக் குறைவு. மேல எவ்வளவு பெரிய நம்பர்! நான் எவ்வளவு துப்புரவா வைச்சிருக்கிறன் எண்டு இப்பவாவது விளங்குதே?”

“அம்மா, சின்ன நம்பர் எண்டால் ஊத்தை.”

“என்ன?”

“சின்ன நம்பர்தான் ஊத்தை. எங்கட வாசல்தான் ஆக மோசம்.”

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. “அப்ப நல்லதுதானே! அவங்கட ஊத்தை எவ்வளவெண்டு தெரியட்டும். பெரிசா எழுது, சிவப்பில எழுது.” ஊத்தை கட்டடத்தினுடையது என்பதில் வீட்டில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சந்தேகம் இருந்தது சிநேகிதிக்கு மட்டும். கட்டடத்தின் கேற்றடியை விட எங்கள் வாசலில் கலங்கல் கூடுவது ஏன் என்று அவள் பஸ்ஸுக்குள் நின்றபடி போனில் கேட்டாள். தண்ணீர் தேங்கினால் கூடத்தானே செய்யும் என்றேன். தேங்கினால் மண் அடியில் படியும், தெளியத்தானே வேணும் என்றாள். பஸ்ஸில் சத்தமாக இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சத்தம் அவள் பக்கத்தில்தான் இருந்தது.

வேலை நடக்காத ஒரு நாளிலும் அளக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். அப்போதுதான் ஒப்பிட முடியுமாம். போயா பௌர்ணமி விடுமுறை நாள், கட்டடம் பூட்டு. மோட்டரும் ஓடாது, லொறியும் வராது. அம்மாவுக்கு ஏக சந்தோஷம். “வாங்கோ பிள்ளை, போயாவுக்கு வந்து பாருங்கோ. கண்ணாடி மாதிரி ஓடும்.”

போயா அன்று காலையில் மேலே முதலாவது இடத்தில் தண்ணீர் தெளிவாக இருந்தது. கட்டடத்தைத் தாண்டிய இரண்டாவது இடத்திலும் தெளிவு. நான் வெற்றி பெற்றவள் போல நடந்து கீழே வந்தேன். எங்கள் வாசலில் வடிகான் பால் போல வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. சிநேகிதி குனிந்து அள்ளி, குழாயில் ஊற்றி, வட்டம் மறைந்த இடத்தில் நகத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் றோட்டைப் பார்த்தேன்.

“நேத்து மிஞ்சினதா இருக்கும்,” என்றேன்.

“ராத்திரி முழுக்க மழை பெஞ்சீக்கி புள்ள. நேத்தையது எல்லாம் கடலுக்குப் போயீக்கும்.”

“அப்ப போயாவை விட்டுட்டு மற்றதைப் போடுவம். வேலை நடக்கிற நாள்தானே எங்களுக்குத் தேவை?”

“அப்பிடி ஏலா. போயா இல்லாட்டி என்ட பேரையும் போடாத.”

எனக்கு அவள் மேல் கண்மண் தெரியாத கோபம் வந்தது. பூட்டப்படப் போவது அவளுடைய உம்மாவின் குசினி இல்லையே. இதை அவளிடமே சொன்னேன். அவள் குழாயைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. அங்கேயே நின்றாள். அம்மா உள்ளேயிருந்து வந்து சாப்பிட வாருங்கோ என்று கூப்பிட்டதால் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனோம்.

சாப்பிடும்போது அவளுடைய வெள்ளைச் சீருடைக் கையில் சொதி கொட்டுப்பட்டது. போயாவிலும் சீருடையோடுதான் வந்திருந்தாள், பின்னேரம் பாடசாலையில் ஏதோ ஒத்திகையாம். ஓடிப்போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் கறை செக்கச்செவேல் என்று மாறிவிட்டது. அல்லாஹ்வே என்று அவள் கத்தியதில் அம்மா பாத்திரத்தைக் கைவிட்டார்.

“ஐயோ, அதுக்கேன் பிள்ளை கத்துறாய்? மஞ்சளில சவுக்காரம் பட்டால் சிவக்கும்தானே. சுண்ணாம்பு பட்டாலும் அதுதான். ஆரத்தித் தண்ணி அப்பிடித்தானே கரைக்கிறது? எலுமிச்சம்புளி பூசு, திரும்ப மஞ்சளாகும்.”

சிநேகிதி கையை நீட்டிப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் பொறி தட்டியது. சீமெந்துக்குள் இருப்பதும் சுண்ணாம்புச் சாதிதான். சீமெந்துத் தண்ணீரில் மஞ்சள் சிவக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் காரம் பார்க்கும் தாள் முடிந்து போய் எத்தனையோ காலம், கேட்டால் வரும் வரும் என்பார்கள். எங்களுக்கு அது தேவையில்லை. குசினியில் மஞ்சள் இருந்தது, என் பையில் ஆய்வுகூடத்து வடிதாள் இருந்தது. தாளை மஞ்சளில் தோய்த்துக் காய வைத்துக் கீலம் கீலமாக வெட்டினோம். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்த வேலை நாளில் முதலாவது இடத்தில் தாள் மஞ்சளாகவே இருந்தது. கட்டடத்தைத் தாண்டியதும் தோய்த்தோம், இரத்தம் போலச் சிவந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பச்சைத் தண்ணீர் என்று சொன்ன இஞ்சினியரின் முகத்தில் ஒட்ட வேண்டும் போலவும் இருந்தது. எங்கள் வாசலிலும் சிவந்தது, கொஞ்சம் மங்கலாக. போயா அன்று அள்ளி வைத்திருந்த வெள்ளைத் தண்ணீரையும் சோதித்தோம். அந்தத் தாள் மஞ்சளாகவே கிடந்தது. ஆகவே அது சீமெந்து இல்லை. வெள்ளை மட்டும்தான்.

சிநேகிதி குசினிக் கதவடியில் போய் நின்றாள். அம்மா பெரிய பேசினில் அடுத்த நாளைக்கான அரிசியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டி, அந்தத் தண்ணி கொஞ்சம் தருவீங்களா?”

“இதோ? இது அரிசி கழுவின தண்ணியெல்லோ. எடுங்கோ பிள்ளை, இதுக்கும் கேக்கோணுமே,” என்று அம்மா குவளை நிறைய அள்ளிக் கொடுத்தார். “தலைக்குப் பூசினாலும் நல்லது. மயிர் கொட்டாது.”

குழாயில் ஊற்றினோம். வட்டம் உடனே மறைந்தது. அம்மாவும் ஈரக் கையோடு வந்து எங்களுக்கு மேலால் குனிந்து பார்த்தார். பேசினில் இருந்த தண்ணீர் எந்தக் குழாய் வழியாகப் போய் எங்கே விழுகிறதென்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாசலடி வடிகானில்தான் விழுந்தது. தினமும் விழுந்தது. எங்கள் ஆட்களின் கணக்கில் அரிசி கழுவிய தண்ணீர் ஊத்தைத் தண்ணீர் இல்லை. கறிவேப்பிலைக்கு ஊற்றுவது, தலைக்குப் பூசுவது. அது வடிகானில் வெள்ளையாகப் போகும்போது கண்ணுக்குப் பட்டாலும் மனதுக்குப் படாது. நானே எத்தனையோ தடவை அந்தப் பேசினைக் கவிழ்த்து ஊற்றியிருக்கிறேன்.

“அப்ப, என்ட வீட்டுத் தண்ணிய ஊத்தையெண்டு எழுதப் போறியள்?” என்றார் அம்மா. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பரவாயில்லை.

சிநேகிதி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பாத்திரங்களின் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா கோபித்தால் மூடிகளை அடித்து மூடுவார். ஒழுங்கை முழுவதும், கடைக்காரர் எல்லோரிடமும், கோயிலடியிலும்கூட, வெள்ளைத் தண்ணீர் கட்டடத்தினுடையது என்று சொல்லித் திரிந்தவர். இனி எந்த முகத்தோடு போவது என்பதுதான் அவருடைய துக்கம். எனக்கு அதைவிட பி.எச்.ஐ. மாத்தயாவைப் பற்றிய பயம். உணவு செய்கிற ஆளே வடிகானை வெள்ளையாக்குகிறார் என்று சொந்த மகளே எழுதிக் கொடுத்தால், பூட்டுவதற்கு அவருக்கு வேறென்ன வேண்டும்?

பாடசாலை விட்டு வந்த ஒரு நாள், பின்பக்கத்தில் இரண்டு பெரிய நீலப் பிளாஸ்ரிக் பரல்கள் நின்றன. அம்மா அரிசித் தண்ணீரை ஒன்றில் ஊற்றி மூடியிருந்தார். மா அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை வாளியில் அள்ளி ஒழுங்கையில் இருந்த பூச்சாடிகளுக்கெல்லாம் ஊற்றினார். படிந்ததை வழித்து எடுத்துப் புறம்பாகப் போட்டார். இடுப்பு வலிக்காரி, வாளியைத் தூக்கும்போது முனகுவார். நான் உதவப் போனால் தள்ளிவிட்டார்.

“போய் அந்தப் பிள்ளைய வரச் சொல்லு. வாற ஞாயிறு அளக்கட்டும். கட்டடமும் பூட்டு, என்ட தண்ணியும் பூட்டு.”

ஞாயிறு அளந்தோம். மூன்று இடத்திலும் தெளிவு. திங்கள் அளந்தோம். கட்டடத்தைத் தாண்டியதும் கலங்கல், மஞ்சள் தாள் சிவப்பு. எங்கள் வாசலில் அதே கலங்கல், அதே சிவப்பு. இப்போது அந்தத் தண்ணீரில் எங்களுடைய பங்கு எதுவும் இல்லை.

“எல்லாத்தையும் எழுது,” என்றார் அம்மா. “முதல்ல என்ட ஊத்தைய எழுது. பிறகு அவங்கட ஊத்தைய எழுது. ஒண்டையும் விடாதை.” பிறகு சிநேகிதியின் பக்கம் திரும்பி, “சாப்பிட்டிட்டுத்தான் போகோணும், சொல்லிப்போட்டன்,” என்றார். அந்த நேரத்தில் அம்மாவைப் பற்றி எனக்கு இருந்த பெருமையை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விசர்க் கதை கதைக்காதை என்றிருப்பார்.

அறிக்கையின் பிரதி ஒன்றை முறைப்பாட்டோடு பி.எச்.ஐ. மாத்தயாவின் பணிமனையில் கொடுத்தோம். ஒன்றை இஞ்சினியருக்குக் கொடுத்தோம். அவர் முழுவதையும் நின்றபடியே வாசித்துவிட்டு, நன்றி என்று மட்டும் சொன்னார். இன்னொன்றை அம்மா சொல்லி டொரொன்டோவுக்கு அனுப்பினேன். தண்ணீர் எங்கிருந்து எப்படி வருகிறதென்று படத்தோடு பார்த்தால் இனியாவது முற்றத்தை உயர்த்தித் தருவார் என்று அம்மா நம்பினார்.

பி.எச்.ஐ. மாத்தயா வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. முற்றத்தில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அம்மா அவரைக் கதிரையில் இருத்தி முன்னால் இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்தார். ஒன்றில் பரல் தண்ணீர், ஒன்றில் முற்றத்துத் தண்ணீர். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் ஒவ்வொரு சிட்டிகை மஞ்சள் போட்டுக் கலக்கினார். ஒன்று மஞ்சளாக நின்றது, ஒன்று சிவந்தது.

“மேக்க மகே. அர்க்க எயாலாகே,” என்றார். இது என்னுடையது, அது அவர்களுடையது. தன்னுடையதை இனி வடிகானில் விடுவதில்லை என்று பரல்களையும் காட்டினார்.

அவர் சிரித்துவிட்டார். குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் போனில் படம் எடுத்துக்கொண்டார். குசினி பூட்டப்படவில்லை. கட்டடத்துக்கு அறிவித்தல் போனது. தண்ணீரைத் தொட்டியில் தெளிய வைத்துக் காரத்தைக் குறைத்த பிறகே விடலாம் என்று. அன்று இரவு அம்மா சீனி போட்டுத் தேங்காய்ப்பூ இடியப்பம் குழைத்துத் தந்தார். நாங்கள் வென்றுவிட்டோம் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

சில நாள் கழித்துக் கட்டடத்தின் பக்கமிருந்து ஆட்கள் வந்து வடிகானை அளப்பார்கள் என்று பார்த்தால், எங்கள் மதிலை அளந்தார்கள். கேற்றின் அகலத்தை அளந்தார்கள். இஞ்சினியரும் கூட வந்திருந்தார். என்னைக் கண்டதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

அந்தக் கிழமையே டொரொன்டோவிலிருந்து அழைப்பு வந்தது. லைன் நல்ல கிளியர். அம்மா மாவில் கையை வைத்திருந்ததால் நான் போனை அவருடைய காதோடு பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் எல்லாம் கேட்டது.

“தங்கச்சி, மகள் அனுப்பினதை வாசிச்சன். நல்ல கெட்டிக்காரி, வடிவா எழுதியிருக்கிறா. அதை வாசிச்ச பிறகுதான் எனக்கு நிலைமை விளங்கினது. தண்ணி ஏறுற காணியை இனி ஆர் வாங்குவாங்கள்? கட்டுறவங்கள் கேக்கிறாங்கள். உங்கட முறைப்பாட்டால வேலை பிந்துதாம், காணியை வாங்கினால் பிரச்சினை இல்லையாம். நானும் ஓமெண்டு சொல்லிப்போட்டன். குறை நினைக்காதையுங்கோ.”

அம்மா ஒரு கேள்விதான் கேட்டார். “எப்ப விடோணும், அண்ணை?”

அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். கையைக் கழுவவில்லை. போனை எடு என்று எனக்குத் தலையால் காட்டிவிட்டு இடியப்ப உரலை எடுத்து மிச்ச மாவைப் பிழிந்து முடித்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதை அனுப்பியிருக்கவே கூடாது என்று கத்தினேன்.

“அனுப்பச் சொன்னது நான்,” என்றார் அம்மா. “அதில ஒரு வரி பொய் இருக்கே?”

“இல்லை.”

“அப்ப ஏன் குழறுறாய்? தட்டை எடு, ஆறப்போகுது.”

கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு கிடைத்தது. வெள்ளவத்தைக் கடைகள் தூரம் என்று விட்டுவிட்டன. அம்மா கொச்சிக்கடைப் பக்கத்துக் கடைகளில் முதலிலிருந்து தொடங்கினார். அரிசியை மாடிக்குத் தூக்க வேண்டும், மாவைத் தூக்க வேண்டும். நாங்கள் வந்த கொஞ்ச நாளில் பழைய வீட்டை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் கம்பியும் சீமெந்து மூட்டையும் அடுக்கியிருப்பதாகச் சிநேகிதி போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள். நான் போகவில்லை. இன்றுவரை அந்த ஒழுங்கைக்குள் நான் இறங்கியதில்லை. பஸ்ஸில் போனாலும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

செயற்திட்டங்களின் இறுதிக் கண்காட்சி கொள்ளுப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பெற்றோரையும் வரச் சொல்லியிருந்ததால் அம்மா நல்ல சேலை உடுத்தி, எங்கள் இருவருக்கும் சாப்பாட்டுப் பார்சலோடு வந்து பின்னால் ஒரு கதிரையில் இருந்தார். நடுவர் நரைத்த தலையோடு தமிழ் பேசும் ஒரு பேராசிரியர். எங்கள் அட்டவணையை ஆறுதலாகப் பார்த்தார். மஞ்சள் தாளைப் பாராட்டினார். போயாவைச் சேர்த்ததை இன்னும் பாராட்டினார். சிநேகிதி என்னைக் கடைக்கண்ணால் பார்த்தாள்.

“தொட்டி கட்டின பிறகு மூன்றாவது இடத்தில் எடுத்த வாசிப்பு எங்கே? இந்த நிரல் வெறுமையாக இருக்கிறதே?”

“அந்த இடத்தில் இப்போது வீடு இல்லை, சேர். வாசலடி வடிகானையும் சேர்த்துத் தகர வேலி அடைத்துவிட்டார்கள், உள்ளே போக முடியாது,” என்றேன்.

“அப்படியா.” அவர் தன் புள்ளித்தாளைப் பார்த்தார். “பாதிக்கப்பட்ட தரப்பின் தற்போதைய நிலை என்று ஒன்று கேட்டிருக்கிறார்கள். இப்போது முறைப்பாடு எதுவும் இல்லை என்று போடலாம்தானே?”

நான் வாயைத் திறக்கும் முன்பு பின்னால் கதிரை இழுபட்டது. அம்மா பார்சலோடு எழுந்து வந்துவிட்டார்.

“முறைப்பாடு இருக்குது, சேர். நான்தான் அந்த வீட்டில இருந்தனான். இப்ப கொட்டாஞ்சேனையில மூண்டாம் மாடியில இருக்கிறன். தண்ணி அவங்கட, காணி இப்ப அவங்கட. வீட்டை விட்டு எழும்பினது நான். அதை எழுதுங்கோ.”

நடுவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். அதற்கென்று இதில் இடம் விடப்படவில்லையே அம்மா என்றார். உண்மையாகவே வருந்திச் சொன்னார்.

“அப்ப பின்பக்கத்தில எழுதுங்கோ,” என்றார் அம்மா. அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.